டிசம்பரில் ஐந்து கிலோ குறைக்க வேண்டாம், ஏறாமல் நிறுத்தினால் போதும்

லண்டனில் கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியாருடன் வசிக்கும் 42 வயதுச் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் உயரம் 158 சென்டிமீட்டர், எடை 66 கிலோ. கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையைப் போன மாதம் எடுத்ததில், இங்கிலாந்து அளவுமுறையில் 43 வந்தது. சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறீர்கள் என்றார் டாக்டர். ஒவ்வோர் ஆண்டும் கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து வேலைக்குப் போகும்போது இரண்டு மூன்று கிலோ ஏறியிருக்கிறது. இந்த முறை டிசம்பர் முழுவதும் சோற்றை அடியோடு நிறுத்தி, ஐந்து கிலோ குறைத்துவிடலாம் என்று இருக்கிறேன். இது சரிதானா?"

சகோதரி, அந்த ஐந்து கிலோவைப் பொங்கல் வரை தள்ளி வையுங்கள். இன்று 66 கிலோ இருக்கிறீர்கள். பொங்கல் முடிந்து பார்க்கும்போதும் அதே 66 இருந்தால் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். இங்கிலாந்து மருத்துவமனைகளில் 18 ஆண்டுகளாக உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். டிசம்பர் 1ஆம் தேதி கடுமையான திட்டத்தோடு தொடங்கியவர்கள் 15, 16 தேதி வாக்கில் ஏதாவது ஒரு விருந்தில் தடுக்கி விழுகிறார்கள். "கெட்டது கெட்டுவிட்டது, இனி ஜனவரியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று அத்தோடு எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள். மீதமுள்ள இரண்டு வாரங்களில்தான் உண்மையான சேதம் நடக்கிறது. சோற்றை நிறுத்தும் திட்டத்துக்கும் இதே கதி வரும் என்பதால்தான் முதலிலேயே வேண்டாம் என்கிறேன்.

உங்களுக்கு ஏறுவதாகச் சொல்லும் இரண்டு மூன்று கிலோவைப் பார்ப்போம். 2000ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு முக்கியமான ஆய்வை வெளியிட்டார்கள். 195 பேரின் எடையை நவம்பரிலிருந்து ஜனவரி வரையும், அவர்களில் பெரும்பாலோரை அதன் பிறகும் அளந்து பார்த்தார்கள். விடுமுறைக் காலத்தில் சராசரியாக ஏறியது 370 கிராம் மட்டுமே. ஆனால் அவர்களிடமே கேட்டபோது ஒன்றரைக் கிலோவுக்கு மேல் ஏறிவிட்டதாக நம்பினார்கள். இதைக் கேட்டு நிம்மதியடைந்துவிடாதீர்கள். அந்த 370 கிராம் அடுத்த வசந்தத்திலும் கோடையிலும் இறங்கவில்லை. ஓராண்டில் அவர்களுக்கு ஏறிய மொத்த எடையே 620 கிராம்தான். ஆண்டு முழுவதும் ஏறியதில் பாதிக்கு மேல் அந்த ஆறேழு வாரங்களில் வந்து உட்கார்ந்திருக்கிறது. பத்து ஆண்டுகள் இப்படிப் போனால் என்னவாகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியானால் ஜனவரி முதல் வாரத்தில் எடைக் கருவி காட்டும் மூன்று கிலோ எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி தண்ணீர். மாவுச்சத்தை உடல் கிளைக்கோஜனாகச் சேமிக்கும்போது ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. முறுக்கு, ஊறுகாய், சிப்ஸ் ஆகியவற்றின் உப்பு இன்னும் கொஞ்சம் தண்ணீரை நிறுத்துகிறது. ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தால் இந்தப் பகுதி சில நாட்களில் தானாக இறங்கிவிடும். சோற்றை நிறுத்தியவர்களுக்கு முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைவதன் ரகசியமும் இதுதான். போவது தண்ணீர். மறுபடி சோறு சாப்பிட்டதும் அது திரும்பி வரும், கூடவே மனச்சோர்வும் வரும்.

இறங்காமல் தங்கும் அந்தச் சில நூறு கிராமைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அதிலும் நமக்குக் கவலை கூடுதல். தெற்காசிய உடல்வாகில் கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேர்கிறது. அதனால் வெள்ளையர்களைவிடக் குறைந்த எடையிலேயே நமக்குச் சர்க்கரை நோய் வருகிறது. உயரத்துக்கேற்ற எடையா என்று காட்டும் உடல் நிறை குறியீட்டில், அதிக எடைக்கும் உடல் பருமனுக்கும் அவர்களுக்கு 25, 30 என்று எல்லைகள் இருக்கும் இடத்தில் நமக்கு 23, 27.5 என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. உங்கள் உயரத்துக்கும் எடைக்கும் குறியீடு 26.4. இன்னும் இரண்டே முக்கால் கிலோ ஏறினால் 27.5ஐத் தாண்டிவிடுவீர்கள். இடுப்புச் சுற்றளவையும் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். நம் பெண்களுக்கு அது 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது, உங்கள் கணவருக்கு 90க்குள்.

இனி என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் 272 பேரை வைத்து ஒரு பரிசோதனை செய்து, அதன் முடிவை 2018இல் வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு ஆரோக்கியமாக வாழ்வது பற்றிய துண்டறிக்கையை மட்டும் கொடுத்தார்கள். இன்னொரு குழுவிடம் வாரம் இரண்டு முறையாவது எடை பார்த்துக் குறித்து வையுங்கள் என்றார்கள். எளிய பத்து குறிப்புகளையும், எந்தப் பண்டத்தைச் சாப்பிட்டால் அதை எரிக்க எவ்வளவு நேரம் நடக்கவோ ஓடவோ வேண்டும் என்ற பட்டியலையும் கொடுத்தார்கள். உலர்பழம் அடைத்த கிறிஸ்துமஸ் பண்டமான மின்ஸ் பை ஒன்றுக்கு 21 நிமிட ஓட்டம் என்பது போல. பட்டினி இல்லை, மாத்திரை இல்லை, எந்தப் பண்டத்துக்கும் தடையில்லை. முதல் குழுவுக்கு எடை சற்று ஏறியது. இரண்டாவது குழுவுக்கு ஏறவே இல்லை, நூறு கிராமுக்குச் சற்று மேல் இறங்கவும் செய்தது. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய அரைக் கிலோ வித்தியாசம். ஓராண்டு ஏற்றத்தின் பெரும்பகுதியைத் தடுக்கப் போதுமான அளவு இது.

நீங்களும் அதையே செய்யுங்கள். எடைக் கருவியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து, கம்பளத்தில் வைக்காமல் குளியலறையின் கெட்டியான தரையில் வையுங்கள். புதன், ஞாயிறு காலைகளில் எழுந்து கழிப்பறை போய்வந்தவுடன், தேநீருக்கு முன்னால் ஏறுங்கள். வரும் எண்ணைச் சமையலறை நாட்காட்டியில் பேனாவால் எழுதுங்கள். விருந்துக்கு மறுநாளே ஒரு கிலோ ஏறியிருந்தால் பயப்படாதீர்கள், அதில் பெரும்பகுதி தண்ணீர். தொடர்ந்து மூன்று முறை ஏறியே இருந்தால் அந்த வாரம் எதையாவது குறைக்க வேண்டும் என்று அர்த்தம். ஒன்று மட்டும்: சாப்பாடு தொடர்பான மனநலப் பாதிப்பு முன்பு வந்தவர்கள், எண்ணைப் பார்த்தாலே பட்டினி கிடக்கத் தோன்றுபவர்கள் இதைச் செய்யக் கூடாது. அவர்கள் மருத்துவரிடம் பேச வேண்டும்.

இப்போது அந்த 370 கிராம் எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். ஒரு கிலோ உடல் கொழுப்புக்குத் தோராயமாக 7,700 கலோரி. அப்படியென்றால் 370 கிராமுக்குச் சுமார் 2,850. நாற்பது நாட்களுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 70 கலோரிதான் கூடுதல். டிசம்பரில் எல்லா அலுவலகங்களிலும் தகர டப்பாவில் வந்து உட்காருமே, பளபளக்கும் தாளில் சுற்றிய சின்னச் சின்ன சாக்லேட், அதில் ஒன்று ஏறக்குறைய 40 கலோரி. இரண்டை வாயில் போட்டால் அந்த நாளின் கணக்கு முடிந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு அம்மா, அலுவலக டப்பாவிலிருந்து "நாளைக்கு இரண்டு, மிஞ்சிப் போனால் மூன்று" எடுப்பதாகச் சொன்னார். பொய் சொல்லவில்லை, மனதார நம்பித்தான் சொன்னார். ஒரு வாரம் தின்னும் சாக்லேட் தாள்களைக் குப்பையில் போடாமல் கோட்டுப் பையிலேயே போட்டுக்கொண்டு வாருங்கள் என்றேன். அடுத்த வாரம் வந்து, கோட்டைக் கழற்றாமலே பையைத் தலைகீழாகத் திருப்பி என் மேசையில் கொட்டினார். ஊதா, பச்சை, சிவப்பு, தங்க நிறத்தில் தாள்கள். இரண்டு பேருமாக எண்ணினோம். ஐந்து வேலை நாட்களில் 31. வெகுநேரம் அவர் எதுவும் பேசவில்லை. பிறகு, "இதில் ஒன்றின் ருசிகூட எனக்கு நினைவில்லை" என்றார். அன்றிலிருந்து அவர் செய்தது ஒரே மாற்றம்தான். தமக்குப் பிடித்த ஊதாத் தாள் சாக்லேட்டை மட்டும் எடுப்பார், தேநீர் இடைவேளையில் உட்கார்ந்து மெதுவாகச் சாப்பிடுவார். டப்பா இருக்கும் மேசை வழியாக நடப்பதையும் நிறுத்திக்கொண்டார்.

குளிர்காலத் தேநீர் இன்னொரு ஓட்டை. குளிர் ஏற ஏற மூன்று கோப்பை ஐந்தாகிறது. ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் பத்துக் கரண்டி, 40 கிராம், 160 கலோரி. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் சர்க்கரையை நிறுத்துவது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் எச்பிஏ1சி அளவுக்கு நான் முதலில் கை வைக்கச் சொல்வது சோற்றில் அல்ல, இந்தச் சர்க்கரையில்தான். வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறையுங்கள். நாக்கு பழகிவிடும். இஞ்சியையும் ஏலக்காயையும் தட்டிப் போட்டால் பழகுவது இன்னும் எளிது.

இங்கே நம் குடும்பங்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. அக்கம்பக்கத்து ஆங்கிலேயர்களுக்கு விடுமுறைக் காலம் என்பது டிசம்பர் தொடங்கிப் புத்தாண்டு வரை. நமக்கு அது தீபாவளியிலேயே ஆரம்பிக்கிறது. தீபாவளிப் பலகாரம் தீர்வதற்குள் அலுவலக விருந்து, பள்ளி நிகழ்ச்சி, மண்டபத்தில் யாராவது வீட்டுப் பிறந்தநாள், பிறகு கிறிஸ்துமஸ், புத்தாண்டு, கடைசியில் பொங்கல். இரண்டரை மாதம். பிள்ளைகளுக்காக இரண்டு பண்பாட்டையும் விட்டுக்கொடுக்காமல் கொண்டாடுகிறோம், அது நல்லதுதான். ஆனால் இரண்டு பண்பாட்டின் பலகாரங்களையும் அதே இரண்டரை மாதத்தில் ஒரே உடம்பு தாங்க வேண்டியிருக்கிறது. எனவே தொடக்கத்திலேயே நாட்காட்டியை எடுத்து, உங்களுக்கு நிஜமாகவே முக்கியமான விருந்து நாட்களை வட்டமிடுங்கள். ஆறு அல்லது ஏழு நாட்கள் வரும். அந்த நாட்களில் மனம் நிறையச் சாப்பிடுங்கள். மற்ற நாட்கள் சாதாரண நாட்கள், வீட்டுச் சாப்பாடு.

கிறிஸ்துமஸ் மதியச் சாப்பாட்டைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள். எனக்கு அதில் பயமே இல்லை. தோல் நீக்கிய வான்கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் ஏறக்குறைய 30 கிராம் புரதம் இருக்கிறது, கொழுப்பு மிகக் குறைவு. கூடவே கேரட், முட்டைக்கோஸ், குட்டி முட்டைக்கோஸ் போலிருக்கும் பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ். கொழுப்பில் புரட்டி ஓவன் அடுப்பில் சுட்ட உருளைக்கிழங்கில் மூன்று துண்டோடு நிறுத்தினால் அது தரமான சாப்பாடு. பிள்ளைகள் ஸ்ப்ரவுட்ஸைக் கண்டால் முகம் சுளிப்பதற்குக் காரணம், அதை அளவுக்கு மீறி வேகவைத்துக் கந்தக வாடை கிளப்புவதுதான். நம் வழியில் செய்து பாருங்கள். அரைக் கிலோவை நான்காகக் கீறிக்கொள்ளுங்கள். இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, இரண்டு காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, காயைப் போட்டு உப்புடன் ஒரு கை தண்ணீர் தெளித்து மூடுங்கள். ஐந்து நிமிடத்தில் திறந்து, பச்சை நிறம் மாறுவதற்குள் தீயைக் கூட்டி ஈரத்தை வற்றவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல் தூவி இறக்குங்கள். முட்டைக்கோஸ் பொரியலைவிட ருசியாக இருக்கும். எங்கள் வீட்டில் வான்கோழிக்கு முன் இது தீர்ந்துவிடுகிறது.

சோற்றுக்கு வருவோம். விட வேண்டாம், அளக்க வேண்டும். ஒரு வாரம் மட்டும் ஒரு டம்ளரால் அளந்து தட்டில் போடுங்கள். வெந்த சோறு 100 கிராம் 130 கலோரி. பலருடைய தட்டில் 300 கிராமுக்குக் குறையாமல் இருக்கும், அதுவும் கண்ணுக்குத் தெரியாமல். 150 கிராமில் நிறுத்தி, தட்டில் பாதியைக் காயால் நிரப்புங்கள். கால் பகுதி பருப்போ மீனோ முட்டையோ கோழியோ இருக்கட்டும். சாப்பிடும் வரிசையும் முக்கியம். காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றைக் கடைசியில் சாப்பிட்டால், அதே சாப்பாட்டுக்கு ரத்தச் சர்க்கரை குறைவாக ஏறுகிறது. இதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். வாழை இலையில் முதலில் காய்களைப் பரிமாறுகிறோம், ஆனால் சோறு வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறோம். காத்திருக்காமல் காயிலேயே தொடங்குங்கள்.

இரவு விருந்து என்று மதியம் பட்டினி கிடக்காதீர்கள். மண்டபத்துக்குள் நுழையும்போது ஏழு மணி, சாப்பாடு வைக்கும்போது ஒன்பதரை. அதுவரை தட்டுத் தட்டாக மட்டன் ரோல்ஸ், பற்றீஸ், வடை வந்துகொண்டே இருக்கும். பசித்த வயிறு அவற்றை எண்ணாது. அந்த அமெரிக்க ஆய்விலும் குறைந்த பசியோடு இருந்தவர்களுக்கும் அதிகம் நடமாடியவர்களுக்கும்தான் எடை மிகக் குறைவாக ஏறியது. கிளம்புவதற்கு முன் வீட்டில் ஒரு கிண்ணம் சுண்டலோ, இரண்டு வேகவைத்த முட்டையோ, தயிரோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ரோல்ஸ் ஒன்றைத் தட்டில் எடுத்து வைத்து உட்கார்ந்து சாப்பிடுங்கள், நின்றபடி கையில் வாங்காதீர்கள்.

வீடுகளில் நடக்கும் விருந்தில் இதைவிடக் கடினமான இடம் ஒன்று உண்டு. "போதும்" என்றால் நம் வீட்டில் யாருக்கும் கேட்பதில்லை. அன்போடு கரண்டியை ஓங்கிக்கொண்டு நிற்கும் பெரியம்மாவிடம் கலோரி பேசினால் மனம் புண்படும். நான் பலருக்கும் சொல்லிக் கொடுத்துப் பலித்த வழி இது: வேண்டாம் என்று சொல்லாதீர்கள், வேறொன்றைக் கேளுங்கள். "பெரியம்மா, பிரியாணி போதும், அந்த ரசம் இன்னும் ஒரு டம்ளர் கொடுங்கள், இப்படி யாருக்கும் கை வராது" என்று கேட்டுப் பாருங்கள். அவர் முகம் மலரும், கரண்டி ரசத்துக்குத் திரும்பும். அவருக்கு வேண்டியது, தன் சமையலை நீங்கள் விரும்பிக் கேட்பது. உங்கள் மாமியாரிடமும் இதையே முயலுங்கள். கூடவே உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவை அவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். சர்க்கரை என்ற சொல்லை நம் மூத்தவர்கள் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சமையலறையில் எண்ணெயைக் குறைக்க அவரைவிட நல்ல துணை உங்களுக்குக் கிடைக்காது.

நடை. லண்டனில் டிசம்பர் நடுவில் மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. வேலை முடிந்து நடப்பேன் என்று திட்டமிட்டால் நடக்கவே மாட்டீர்கள். மதிய இடைவேளையில், வெளிச்சம் இருக்கும்போது, சாப்பிட்ட கையோடு 15 நிமிடம் நடங்கள். சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றத்தை அந்தச் சின்ன நடை குறைக்கும். விருந்து நாளில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு தெருவில் கட்டியிருக்கும் விளக்குகளைப் பார்க்கப் போங்கள். பிள்ளைகள் குதித்துக்கொண்டு வருவார்கள். எடைக்குத் தொடர்பில்லை என்றாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இங்கே குளிர்கால வெயிலில் நம் தோல் வைட்டமின் டி தயாரிப்பதில்லை. தினம் 10 மைக்ரோகிராம் மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள், மாமியாருக்கும் கொடுங்கள்.

உங்கள் கணவர் மது அருந்துபவர் என்றால், மதுவிலுள்ள ஆல்கஹால் ஒரு கிராமுக்கு 7 கலோரி இருக்கிறது என்று சொல்லுங்கள். சர்க்கரையில் 4தான். ஒரு பைண்ட், அதாவது அரை லிட்டருக்குச் சற்று மேல், பியர் சுமார் 200 கலோரி, அத்தோடு வரும் வறுத்த கடலை தனி.

மார்கழி வந்துவிட்டால் வீட்டில் விரதமும் சேரும். திருவெம்பாவை நாட்களிலோ வைகுண்ட ஏகாதசியிலோ விரதம் இருப்பது உங்கள் வழக்கமென்றால் இருங்கள், நான் தடுக்கமாட்டேன். விரதம் முடிக்கும் வேளையில் நெய் வழியும் பொங்கலும் வடையும் ஒன்றாக வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்கு இப்போது மாத்திரை இல்லை என்று நினைக்கிறேன். ஆனால் இன்சுலினோ, சர்க்கரை மாத்திரையான கிளிக்லசைடோ எடுப்பவர்கள் வீட்டில் இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் பட்டினி கிடக்கக் கூடாது. சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழும் ஆபத்து நிஜமானது. மது அருந்தினால் அந்த ஆபத்து இன்னும் கூடும்.

விருந்துக்கு ஆள் அழைப்பது நீங்கள் என்றால், காலிப் பிளாஸ்டிக் டப்பாக்களை மதியமே வாசல் பக்கம் அடுக்கி வையுங்கள். கிறிஸ்துமஸ் கேக், பலகாரம், மிஞ்சிய பிரியாணி எல்லாவற்றையும் வந்தவர்கள் கையில் கொடுத்தனுப்புங்கள். கறியை இரண்டு மணி நேரத்துக்குள்ளும் சோற்றை ஒரு மணி நேரத்துக்குள்ளும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். அன்று இரவு எல்லோரும் படுத்த பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டே தட்டில் மிஞ்சியதை வாயில் போடுவது நம் வீட்டுப் பெண்கள்தான். வீணாகிறதே என்ற வருத்தம். பசிக்காத வயிற்றில் போட்டாலும் அது வீண்தான் என்று எத்தனையோ அம்மாக்களிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் அந்த நேரத்தில் பாத்திரம் கழுவும் வேலையைக் கணவரிடம் கொடுத்துவிட்டார்கள். நீங்களும் கொடுங்கள்.

பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் ஒரு சிறு கிண்ணம், கண்ணை மூடிச் சாப்பிடுங்கள். அடுத்து வரும் புதன்கிழமை காலை எடை பார்த்து எழுதுங்கள். அந்த எண்ணையும் முதல் நாள் எழுதியதையும் இடுப்பளவையும் எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் போய், சர்க்கரை நோயைத் தடுக்கத் தேசிய சுகாதாரச் சேவை நடத்தும் இலவசப் பயிற்சித் திட்டத்தில் சேர்த்துவிடும்படி கேளுங்கள். உங்கள் எச்பிஏ1சி அளவுக்கு அதில் இடம் உண்டு. ஐந்து கிலோவை அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.